உள்ளுக்குக் கொண்டி போடாதீங்க

2024 ஒக்டோபர் 17, வியாழன் – நுவரெலியா

கதிர்காமத்துக்கு நேர்த்தி வைத்தது அக்கா. மலைநாடு சுற்றிப் போகலாம் என்று இழுத்தது நான். ஆகவே நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் நான்தான் என்று அவள் இப்போது சொந்தக்காரர் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மறுக்க வழியில்லை.

புதன் இரவு பத்து மணிக்கு யாழ்ப்பாணத்தில் வேன் வெளிக்கிட்டது. அக்கா, அத்தான், அவர்களின் பதினான்கு வயது மகன் (வீட்டில் எல்லோருக்கும் அவன் தம்பி), நான், டிரைவர் அண்ணை. அண்ணை கிளிநொச்சிக்காரர். ஏ9 வீதியில் ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டே கதை சொல்லுவார். கம்பளை தாண்டி வளைவுகள் தொடங்கியதும் கதை நின்றுவிட்டது. றம்பொடையில் அனுமார் கோயிலடியில் இறங்கியபோது அவருடைய சேர்ட் முதுகில் ஒட்டியிருந்தது, அந்தக் குளிரிலும்.

போயா, பௌர்ணமி விடுமுறை நாள். நுவரெலியாவில் இறைச்சி கிடையாது, சாராயமும் கிடையாது. இரண்டாவதுக்கு அத்தான் கவலைப்படவில்லை என்று அக்கா நம்புகிறாள். மரக்கறிக் கொத்து 650 ரூபா, நெருப்பாய்ச் சுட்டது, நன்றாகவே இருந்தது. சீதையம்மன் கோயிலுக்குப் பின்னால் ஓடும் ஆற்றில் கால் வைத்தேன், எலும்பு வரை ஏறிய குளிர் இரவு ஒன்பது மணிக்கும் இறங்கவில்லை.

தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. பேய்ப்படப் பைத்தியம். இரவு முழு நிலவைப் பார்த்துவிட்டு, "சித்தி, கதை எப்பவும் இப்பிடித்தான் தொடங்கும். குடும்பமாப் போவினம், மழை வரும், வழியில தனியா ஒரு லொட்ஜ், போனுக்கு சிக்னல் இராது" என்றான். படுடா என்றேன்.

ஒக்டோபர் 18, வெள்ளி – ஹப்புத்தளை, அதற்கு அப்பால்

வெலிமடை வழி முழுக்க லீக்ஸும் கரட்டும். பண்டாரவளையில் மாலு பாண் (மீன் வைத்த பணிஸ்), ஒன்று 120 ரூபா, மிளகு தூக்கலாக. ஹப்புத்தளையில் மூடுபனி. லிப்டன் சீட்டுக்கு ஏறினோம். தோமஸ் லிப்டன் அங்கே உட்கார்ந்துதான் தன் தோட்டங்களைப் பார்ப்பாராம். நாங்கள் உட்கார்ந்து பார்த்தது வெள்ளை வேட்டி ஒன்றை முகத்துக்கு முன்னால் பிடித்த மாதிரியான ஒரு காட்சியை. கீழே தம்பேதன்னையில் 1890இல் அவர் கட்டிய தொழிற்சாலையிலிருந்து தேயிலை வாசம் மட்டும் மேலே வந்தது.

எல்ல வழியாகப் போயிருந்தால் வெல்லவாயவுக்கு நேரே இறங்கியிருக்கலாம். 220 மீற்றர் உயரத் தியலும நீர்வீழ்ச்சியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பெரகலைப் பக்கம் திருப்பச் சொன்னதும் நான்தான். (அக்கா இதையும் போனில் சொல்கிறாள்.)

நான்கு மணிக்கு மழை தொடங்கியது. ஐப்பசி மழையை நாங்களும் யாழ்ப்பாணத்தில் பார்த்தவர்கள்தான். ஆனால் அங்கே வெள்ளம் கிடக்கும். இங்கே அது ஓடுகிறது, வீதிக்குக் குறுக்கே, முழங்கால் உயரத்தில், கல்லையும் உருட்டிக்கொண்டு. பெரகலைக்கும் கொஸ்லந்தைக்கும் நடுவில் ஒரு வளைவில் லொறி ஒன்று நின்றது. அதற்கு முன்னால் வீதியே இல்லை. மண். திரும்பினோம். அரை மணித்தியாலத்துக்கு முன் நாங்கள் வந்த வழியில் இப்போது ஒரு மரமும் வேன் அளவுப் பாறையும் கிடந்தன.

இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர் வீதி. அதில் ஒரேயொரு லொட்ஜ்.

பெயரை எழுதப் போவதில்லை. பெயர்ப்பலகையிலும் பாதி எழுத்து இல்லை. இரண்டு மாடி, முன்பக்கம் வீதி, பின்பக்கம் மலையை வெட்டிய செங்குத்துச் சுவர். வாசலில் கிழவர் ஒருவர். நாங்கள் இறங்கும்போதே கையில் கொப்பி வைத்துக்கொண்டு தலைகளை எண்ணினார். எழுபது வயதுக்குக் குறையாது. ஒல்லி, கழுத்தில் மப்ளர். பெயருக்கு முன் அவர் கேட்ட கேள்வி: "மொத்தம் எத்தன பேருங்க? வேன்ல இன்னும் யாரும் தூங்குறாங்களா?"

தம்பி என் கையைக் கிள்ளினான்.

அறை 4,000 ரூபா. முன்பக்க அறைகள்தான் தருவாராம். பின்பக்க நடைபாதைக்குக் குறுக்கே கயிறு கட்டிக் கதிரைகள் அடுக்கியிருந்தன. "அந்தப் பக்கம் போகாதீங்க" என்றார். ஏன் என்று அத்தான் கேட்டதற்கு, "ரிப்பேருங்க" என்றார், முகத்தைப் பார்க்காமல். பிறகு டிரைவர் அண்ணையிடம் வேனை வீதிப் பக்கம் மூக்கு வைத்து நிறுத்தச் சொல்லிவிட்டு, சாவியைக் கேட்டார். "இங்கன ஆணியில தொங்கட்டும்." அண்ணை கொடுக்க மாட்டேன் என்று நின்றார். கிழவர் கை நீட்டியபடியே நின்றார். கடைசியில் சாவி ஆணிக்குப் போனது.

சாப்பாடு சோறு, பருப்பு, டின் மீன், லீக்ஸ் வறை. லீக்ஸ் அந்த லொறியிலிருந்து வந்தது. வெலிமடையிலிருந்து ஹம்பாந்தோட்டைக்கு ஏற்றிப் போன சிங்கள டிரைவரும் உதவிப் பொடியனும் கொப்பியில் ஆறும் ஏழும். மோட்டார் சைக்கிளில் வந்து மாட்டிக்கொண்ட புதுமணத் தம்பதி எட்டும் ஒன்பதும். நனைந்த கலியாண மாலை இன்னும் ஹாண்டிலில் தொங்கியது.

படுக்கப் போகும்போது கிழவர் கதவடிக்கு வந்து அக்காவிடம் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, உள்ளுக்குக் கொண்டி போடாதீங்க. சும்மா சாத்தி வச்சாப் போதும்."

பெண் பிள்ளைகள் படுக்கிற அறை. அறிமுகமில்லாத ஆம்பிளை. உள்தாழ்ப்பாள் போடாதே என்கிறார். அக்கா அவரைப் பார்த்துத் தலையாட்டினாள். கதவைச் சாத்தினாள். மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு தாழ்ப்பாளையும் போட்டாள். பிறகு நானும் அவளுமாகக் கண்ணாடி மேசையை இழுத்துக் கதவோடு அணைத்தோம். தம்பியையும் எங்களோடு வைத்துக்கொண்டோம், காவலுக்கு என்று. நடுங்கியது அவன்தான்.

இரவு நான் தூங்கவில்லை. மூன்று தடவை காலடிச் சத்தம் கட்டடத்தைச் சுற்றி வந்தது. டோர்ச் வெளிச்சம் யன்னல் சீலையில் ஏறி இறங்கியது. சுவரில் யாரோ நகத்தால் கீறுகிற சத்தம். தம்பி சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். நானும் பார்த்தேன். மழைக்குள், மலைச்சரிவில், தலை முதல் முழங்கால் வரை வெள்ளையாக ஓர் உருவம், குனிந்து, நிலத்தைத் தடவிக்கொண்டு.

ஒக்டோபர் 19, சனி – அதே இடம்

வெளிச்சத்தில் அந்த வெள்ளை உருவம் கொடியில் தொங்கியது. உரச் சாக்கு. ஒரு மூலையை உள்ளே மடித்துத் தலையில் கவிழ்த்தால் மழைக்கோட்டு. தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நடுச்சாமத்தில் சாக்கைப் போட்டுக்கொண்டு சரிவில் அவருக்கு என்ன வேலை என்று அத்தான் கேட்டதும் சிரிப்பு நின்றது.

அத்தானும் அண்ணையும் பெரகலைப் பக்கம் நடந்து போய்ப் பார்த்து வந்தார்கள். வீதியில் வந்து கிடந்த மண்ணின்மேல் தேயிலைச் செடிகள் நட்டது நட்டபடி நிற்கின்றனவாம், கொழுந்து கூடக் கசங்காமல். பெக்கோ (மண் அள்ளும் இயந்திரம்) வர வேண்டும். ஹல்துமுல்லைப் பக்கத்திலும் சரிந்திருப்பதால் அது நாளைக்கோ நாளன்றைக்கோ.

குழாயைத் திறந்தேன். செங்கல்லைக் கரைத்த மாதிரி சிவப்பாகத் தண்ணீர். தம்பிக்கு இதைவிட என்ன வேண்டும்! படம் எடுத்தான். கிழவரைக் கூப்பிட்டுக் காட்டினேன், கொஞ்சம் கோபமாகவே. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. "எப்பயிலருந்து இப்படி வருது? நேத்து ராத்திரி நல்லா வந்துச்சா?" என்றார். பதிலைக் கேட்டுவிட்டு அடுப்பில் வைத்த தேத்தண்ணியையும் மறந்து பின்பக்கம் ஓடினார். 4,000 ரூபா வாங்கிவிட்டுச் சேற்றுத் தண்ணீர் தருகிறாரே என்று நான் அக்காவிடம் புறுபுறுத்தேன்.

அவருடைய நாய் இரண்டு நாளாக உள்ளே வருவதில்லை. வீதிக்கு அந்தப் பக்கம் லொறிக்குக் கீழே படுத்திருந்து, பிஸ்கட் போட்டால் வந்து எடுத்துக்கொண்டு திரும்ப ஓடியது.

மத்தியானம் மழை சற்று ஓய்ந்தபோது தம்பி கயிற்றுக்குக் கீழே புகுந்து பின்பக்கம் போய்விட்டான். வந்தவன் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டான். நடைபாதைக் கடைசியில் ஒரு நகைக்கடைக் கலண்டர். அதைத் தூக்கினால், பின்னால் சுவரில் பென்சிலால் எழுதியிருந்ததாம். போனில் படம் காட்டினான்.

11/10 – 3
14/10 – 4
17/10 – 6
18/10 – 9

"நேற்று எத்தினை பேர், சித்தி?" என்றான். எண்ணத் தேவையில்லை. ஒன்பது பேர். முந்தின நாட்களில் வந்த மூன்று பேர், நான்கு பேர் எல்லாம் எங்கே என்று அவன் கேட்டான். பைத்தியக் கதை கதைக்காதே என்று அதட்டினேன். அதட்டிய குரல் எனக்கே கேட்கவில்லை.

கொல்லையில் கம்பொன்றில் தலை வெட்டிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்று கட்டியிருந்தது. பக்கத்தில் பள்ளிக்கூட அடிமட்டம். இதற்கு அவனிடமும் விளக்கம் இருக்கவில்லை.

பின்னேரம் மழை திரும்ப வந்தது, இந்தத் தடவை காற்றோடு. ஏழு மணிக்குக் கிழவர் எல்லோரையும் கூப்பிட்டு, "இன்னைக்கு எல்லாரும் முன் ஹோல்லயே ஒண்ணாப் படுத்துக்கங்க. செருப்பக் கழட்டாதீங்க" என்றார். புதுப்பெண் அழத் தொடங்கினாள். அத்தானுக்குக் கோபம் வந்து, காசு கொடுத்த அறையில்தான் படுப்போம் என்று சத்தம் போட்டார். கிழவர் எங்கள் எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. தம்பி மெதுவாக மேசைக்குப் பின்னால் போய் அந்தக் கொப்பியை எட்டிப் பார்த்தான். பெயர்களுக்குக் கீழே அன்றைய திகதி போட்டு, 14 என்று எழுதியிருந்தது.

"பதினாலா? மற்ற அஞ்சு பேர் ஆர்?"

நாங்கள் அறைக்குப் போய் இரண்டு தாழ்ப்பாளையும் போட்டோம். மேசையோடு கட்டிலையும் சேர்த்து இழுத்தோம்.

ஒக்டோபர் 20, ஞாயிறு – கோயிலடி

அதிகாலை 2.40. கதவு அதிர்ந்தது. "எந்திரிங்க! வெளிய வாங்க!" கிழவரின் குரல். பிறகு உதை.

நாங்கள் திறக்கவில்லை. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. திறக்காதது மட்டுமில்லை, நானும் அக்காவும் கட்டிலுக்கு முதுகைக் கொடுத்து உள்ளேயிருந்து தள்ளினோம். வெளியே அந்த எழுபது வயது மனிதர் தோளால் இடித்துக்கொண்டிருந்தார். தம்பி என் காதுக்குள், "திறக்காதேங்கோ சித்தி. திறக்கிற ஆக்கள்தான் முதல்ல சாகிறவை" என்றான்.

அப்போது சுவருக்குள் யாரோ விறகு முறிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. ஒரு முறிப்பு, கொஞ்சம் இடைவெளி, இன்னொன்று. என் தலையில் சுண்ணாம்புத் தூள் கொட்டியது.

அடுத்து லொறிக்காரரின் குரல்: "நங்கி, தொர அரின்ன!" (தங்கச்சி, கதவைத் திற!) பின்னால் அத்தான், பெயர் சொல்லி. நாங்கள் கட்டிலை விலக்கி, மேசையை விலக்கி, தாழ்ப்பாளை இழுத்தோம். கீழ்த் தாழ்ப்பாள் வந்தது. மேலது வரவில்லை. கதவு நிலை சாய்ந்து கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. நான் தொங்கி இழுத்தேன், அது மயிரிழை கூட அசையவில்லை. உள்ளுக்குக் கொண்டி போடாதீங்க என்று அவர் சொன்னது ஏன் என்பது அந்தத் தொங்கலில்தான் எனக்கு விளங்கியது.

லொறிக்காரர் அலவாங்கால் நிலையைப் பெயர்த்தார். வெளியே வந்தோம், செருப்பில்லாமல்.

வீதியில் மழைக்குள் கிழவர் டோர்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொப்பியைப் பார்த்துப் பெயர் வாசித்தார். எட்டுப் பேர். புது மாப்பிள்ளை ஹெல்மெட் எடுக்கத் திரும்பிப் போயிருந்தார். கிழவர் அப்போது விட்ட தூஷணத்தை இங்கே எழுத முடியாது. மாப்பிள்ளை வந்ததும் ஆணியிலிருந்து எடுத்து வைத்திருந்த வேன் சாவியை அண்ணையின் கையில் வைத்து, "லைட்டப் போட்டு முன்னுக்குப் போங்க, முனியாண்டி கோயில் வரும். பாறை மேல கட்டுனது. அது அசையாது" என்றார்.

நான்கு மணி தாண்டியிருக்கும். லொறியில் கல் ஏற்றி வந்து கொட்டுகிற சத்தம், ஆனால் நிற்காமல், ஒரு நிமிடத்துக்கு மேல். கோயில் மணி தானாக ஒருதரம் ஆடியது. ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. நாய் மட்டும் முதன்முறையாகக் குரைத்தது.

விடிந்து பார்த்தோம். குசினி இல்லை, பின் நடைபாதை இல்லை, கலண்டர் இல்லை. எங்கள் அறைக்குள் மண் கட்டில் உயரத்துக்கு வந்து நின்றது. "உசுரு போயிருக்காதும்மா, கால்தான் ஒடஞ்சிருக்கும்" என்று கிழவர் ஆறுதல் சொன்னார்.

தம்பி அந்தப் படத்தை அவரிடம் காட்டினான். அவர் சிரித்தார். முதல் தடவையாகச் சிரித்தார். சுவரில் விழுந்த வெடிப்பின் அகலமாம் அது. மூன்று மில்லிமீற்றர், நான்கு, ஆறு, ஒன்பது, பதினான்கு. அடிமட்டம் வைத்துப் பார்த்துப் பென்சிலால் கோடு கிழிப்பாராம், அந்தக் கீறல் சத்தம்தான் எங்களுக்குக் கேட்டது. போத்தல் மழை அளக்க. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து அதிகாரிகள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்துச் சொல்லிக் கொடுத்ததாம்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் கவனம், 100 என்றால் மூட்டை கட்டு, 150 என்றால் இருக்காதே. தெளிந்த ஊற்று கலங்கி வந்தால், கதவு இறுகினால், மரம் சாய்ந்தால், மீற்றர் பார்க்கத் தேவையில்லை, ஓடு. சனி இரவு போத்தலில் 160க்கு மேல்.

ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று அத்தான் கேட்டார், இப்போது குரல் தாழ்ந்திருந்தது.

"போன வாரம் வந்தவங்ககிட்டச் சொன்னேன். அவங்க அட்வான்ஸத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க. ஆளுகளப் பயமுறுத்தாதன்னு மொதலாளி என் சம்பளத்துல வெட்டிட்டாரு. அதோட, ரெண்டு பக்கமும் அடச்சுக் கெடக்கு. சொன்னா நீங்க எங்க போவீங்க?"

கோயிலுக்கு வராமல் ஏன் அங்கே வைத்திருந்தீர்கள் என்று நான் கேட்க நினைத்தேன். சனி மாலை அவர் எங்கள் முகத்தைப் பார்த்து வாயெடுத்தது ஞாபகம் வந்தது. அத்தான் போட்ட சத்தமும். கேட்கவில்லை.

பகல் முழுக்க லயத்து ஆட்கள்தான், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் இருப்பவர்கள்தான், சாப்பாடு தந்தார்கள். கோதுமை மா ரொட்டி, விரலளவு தடிப்பு, கட்டா சம்பல், சாயம். சாயம் என்றால் பால் போடாத தேத்தண்ணி, கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். நாள் சம்பளம் 1,350 ரூபா வாங்குகிறவர்கள், ஒன்பது பேருக்கு இரண்டு வேளை. அக்கா காசை நீட்டினாள். ஒரு அம்மா, "லீக்ஸு குடுங்க, போதும்" என்றார். லொறிக்காரர் ஒரு மூட்டையை அப்படியே இறக்கினார். எப்படியும் அழுகப் போகிறது என்று அவர் சொன்னாலும், இறக்கும்போது மூட்டையை ஒருதரம் தடவிப் பார்த்தார்.

அந்த அம்மாதான் மீரியபெத்தையைக் கையால் காட்டினார், மலைக்கு அந்தப் பக்கம். 2014 ஒக்டோபர் 29, காலை, மண்சரிவு. இந்த மாதக் கடைசியோடு பத்து வருடம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரம். திரும்பி வந்தபோது லயமும் இல்லை, வீட்டு ஆட்களும் இல்லை. இடம் சரியில்லை, எழும்புங்கள் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்களாம். எழும்பிப் போக வேறு இடம்தான் யாரும் காட்டவில்லை. தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் முகாமிருந்தார்கள். "எங்களுக்கும் கடுதாசி வந்திருக்கு" என்றார். தன் லயத்துச் சுவரைக் காட்டினார். அங்கேயும் பென்சில் கோடு. கிழவர்தான் போட்டுக் கொடுத்தாராம்.

தம்பி அன்று முழுக்கக் கிழவரின் பின்னால் திரிந்தான். பின்னேரம் போத்தலை எங்கே கட்டுவது, மரத்துக்குக் கீழே கட்டினால் கணக்குப் பிழைக்கும் என்று எனக்கே வகுப்பெடுத்தான்.

ஒக்டோபர் 21, திங்கள் – வெல்லவாய, கதிர்காமம்

பெக்கோ பத்து மணிக்கு வந்தது. ஒரு வழி திறக்கப் பன்னிரண்டாகியது.

முதலாளி போன் எடுத்தார். கிழவர் ஸ்பீக்கரில் போட்டதால் எல்லோரும் கேட்டோம். முதலில் டிவியைக் கேட்டார், பிறகு கூரைத் தகட்டை. மூன்றாவதாக, இருந்தவர்களிடம் இரண்டு இரவுக்கும் வாங்கிவிட்டாயா என்று. எங்களுக்கு இரண்டு அறை, 16,000 ரூபா. அத்தான் கொதித்தார். கிழவர் கொப்பியை விரித்து, சனிக்கிழமைக்கு நேரே "2.50க்கு வெளியேறினர், 9 பேர்" என்று எழுதி, அதற்குக் கீழே கோடு கிழித்து, "ஒரு ராத்திரிதாங்க கணக்கு" என்றார். மற்றது அவர் சம்பளத்தில் வெட்டுப்படும் என்று எங்களுக்குத் தெரியும். அக்கா 16,000ஐயும் கொடுத்தாள்.

தியலுமவை வேனுக்குள் இருந்தபடியே பார்த்தோம். காவி நிறத்தில் விழுந்துகொண்டிருந்தது. இறங்கவா என்று அண்ணை கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கதிர்காமத்தில் நல்ல வெயில்.

யாழ்ப்பாணம் வந்து மூன்றாம் நாள் அக்கா கைப்பையைக் கொட்டியபோது, மரத்துண்டில் 3 என்று சுட்ட அறைச் சாவி விழுந்தது. பதறிப்போய்க் கிழவருக்குப் போன் எடுத்தாள். தபாலில் போடுகிறேன், விலாசம் சொல்லுங்கள் என்றாள்.

"நீங்களே வச்சுக்கங்கம்மா" என்றார் அவர். "அந்தக் கதவத்தான் ஒடச்சாச்சே."